அப்பாவின் பம்ப் துப்பாக்கியும் பினாங்கின் ஈரமும்: பதினான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

அப்பா காலமான வாரத்திலேயே அவருடைய துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு வந்தோம். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தானே தவிர வீட்டுக்கு அல்ல. உரிமக்காரர் போய்விட்டால் மகனே ஆனாலும் தொட்டுப் பார்க்கும் உரிமை கிடையாது. பல மாதம் கழித்து என் பெயரில் உரிமம் வந்து, 2010-இல் அதை பட்டர்வொர்த் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நிபோங் தெபாலில் எங்களுக்கு இருக்கும் ஆறு ஏக்கர் செம்பனையில் இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடும் என்பதுதான் அப்பா துப்பாக்கி வைத்திருந்ததற்கும் இன்று நான் வைத்திருப்பதற்கும் காரணம். பன்றியைச் சுட வனவிலங்குத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். ஆகவே இந்தப் பதினான்கு ஆண்டுகளில் நான் அதைச் சுட்டதைவிடத் துடைத்ததே அதிகம்.

துப்பாக்கி ரெமிங்டன் 870 விங்மாஸ்டர், 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு). தோட்டத்தில் எல்லோரும் 'பம்பு' என்றே சொல்வார்கள். முன்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் குழலுக்கு அடியிலுள்ள தோட்டாக்குழாயிலிருந்து அடுத்தது ஏறும். 1950-இல் அறிமுகமான இந்த மாடல் 2009-க்குள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது என்பதால், அரிய பொருள் என்ற பெருமையெல்லாம் இதற்கு இல்லை. ஆனால் எந்த ஆண்டில் செய்தது என்று அப்பாவுக்கே தெரியாது. "வெள்ளைக்காரத் துரை காலத்துச் சாமான்" என்பதோடு முடித்துக்கொள்வார். அந்த ஆண்டைக் கண்டுபிடிக்கப் போய்த்தான், பழைய பம்ப் துப்பாக்கியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையே நான் கற்றுக்கொண்டேன்.

ரெமிங்டன் நிறுவனம் 1921 முதல் குழலின் இடப்பக்கம், துப்பாக்கியின் நடு உடலான ரிசீவரை ஒட்டினாற்போல், சிறிய எழுத்துகளில் மாதத்தையும் ஆண்டையும் குத்தி வந்தது. மாதத்துக்கான எழுத்துகளை நினைவில் வைப்பது எளிது. கருமருந்தைக் குறிக்கும் 'பிளாக் பவுடர்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒருமுறை வந்த எழுத்து மறுமுறை வராமல் பதினோரு எழுத்துகள் உள்ளன; கடைசியில் ஓர் எக்ஸைச் சேர்த்தால் பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்கு சரியாகிவிடும். (தமிழில் உச்சரித்தால் 'பி' இருமுறை வருவதுபோல் கேட்கும், முதல் பி ஜனவரி, இரண்டாவது ஜூன். இதில் நானே ஒருமுறை தடுமாறினேன்.) அடுத்து வரும் எழுத்து ஆண்டைக் காட்டும். என் குழலில் இருப்பவை டபிள்யூ, ஏ. டபிள்யூ எட்டாவது எழுத்து என்பதால் ஆகஸ்ட். ஆனால் ஏ என்ற எழுத்து 1932-க்கும் உண்டு, 1954-க்கும் உண்டு, சுற்று முடிந்து 1980-க்கும் உண்டு. 870 பிறந்ததே 1950-இல் என்பதால் 1932 அடிபட்டுப் போயிற்று. அப்பாவின் பழைய உரிமப் புத்தகத்தில் இந்தத் துப்பாக்கி எண்ணோடு 1962-இல் பதிவாகியிருந்ததால் 1980-ம் போயிற்று. மிஞ்சியது ஆகஸ்ட் 1954.

அன்று எனக்கு வந்த மகிழ்ச்சி ஒரு மாதம் நீடித்தது. அப்பாவோடு ஒரே எஸ்டேட்டில் கிராணியாக இருந்த மாமா ஒருவர் பண்டிகைக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, அது குழலோட வயசு. துப்பாக்கியோட வயசா?"

அவர் சொன்னது சரி. 870-இன் குழலைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது இரண்டு நிமிட வேலை. விற்பனையில் அதன் பெரிய கவர்ச்சியே அதுதான். எனவே குழலின் குறியீடு குழலுக்கு மட்டுமே சாட்சி. ரிசீவர் தன் சாட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். என்னுடையதில் எண்ணுக்குப் பின்னால் வி என்ற எழுத்து இருக்கிறது. அது 70 மி.மீ. தோட்டா எடுக்கும் 12 போர் என்பதற்கான அடையாளம். எண்ணுக்கு முன்னால் எழுத்து எதுவும் இல்லை. முன்னெழுத்து சேர்க்கும் வழக்கம் 1968-ஐ ஒட்டித்தான் வந்தது. மர முன்பிடி ஒல்லியாக, சோளக்கதிர்போல வளைய வளையமாக வரி வெட்டியது. அச்சழுத்திய பூவேலைப்பாடு இல்லை. இது தொடக்ககால 870-இன் சாயல். ஆக, குழல், ரிசீவர், மரம், உரிமப் புத்தகம் ஆகிய நான்கும் தனித்தனியே பேசி ஒரே பக்கம் கை காட்டியபோதுதான் 'ஐம்பதுகளின் நடுப்பகுதி' என்று எழுதி வைத்தேன். 'ஆகஸ்ட் 1954' என்று இப்போது குழலைப் பற்றி மட்டுமே சொல்வேன்.

குறியீட்டை அடுத்து வேறு சில எழுத்துகளும் இருக்கும். அவை பரிசோதகர்களின் முத்திரைகள். முதல் நாள் அவற்றையும் ஆண்டுக் கணக்கில் சேர்த்துக் குழம்பி, என் துப்பாக்கி நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு செய்தது என்ற முடிவுக்கு வந்தேன். மேலே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகத் தெரியும். மெல்லிய துணியால் துடைத்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குத்திய பள்ளம் நிழலோடு எழுந்து நிற்கும்.

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் வின்செஸ்டர் மாடல் 12 ஒன்று உள்ளது. அதை ஒரு மாலை முழுக்கப் பார்த்தோம். 1912-இல் 20 போரில் தொடங்கிய இந்த மாடலின் வழக்கமான உற்பத்தி அறுபதுகளின் நடுவில் நின்றது. ஏறக்குறைய இருபது இலட்சம் செய்தார்கள். இரண்டாகக் கழலும் அமைப்பு என்பதால் ரிசீவரின் அடியிலும் குழற்பகுதியிலும் ஒரே எண் இருக்க வேண்டும், நண்பருடையதில் இருந்தது. குழலில் 'நிக்கல் ஸ்டீல்' என்று இருந்ததால், அது முப்பதுகளின் தொடக்கத்துக்கு முற்பட்ட குழல் என்று கொண்டோம். இதைவிடப் பழைய 1897 மாடலைக் கண்டால் அடையாளம் காண எண்ணே தேவையில்லை. வெளியே தெரியும் குதிரையே (சுடும்போது அடிக்கும் சுத்தியல்) சொல்லிவிடும்.

இந்த இரண்டு வின்செஸ்டர்களையும் கையில் எடுப்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விசையை அழுத்திப் பிடித்தபடியே முன்பிடியைத் தள்ளினால், தோட்டா அறையை மூடும் போல்ட் பூட்டிய கணமே இவை வெடிக்கும். விசையை விட்டுப் பிடித்தால்தான் வெடிக்கும் என்ற 870-இன் ஏற்பாடு இவற்றில் இல்லை. 870-இல் பழகிய கை மாடல் 12-இல் ஏமாந்துவிடும்.

தோட்டா நீளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பகால 16 போர் மாடல் 12-களின் தோட்டா அறை ஏறக்குறைய 65 மி.மீ. மட்டுமே. இன்றைய 70 மி.மீ. தோட்டா அதில் தடையின்றி நுழையும். வாய் மடிந்த நிலையில் தோட்டா குட்டையாகத்தான் இருக்கும், பெட்டியில் எழுதியிருப்பதோ வாய் விரிந்த பின் உள்ள நீளம். சுடும்போது விரியும் வாய்க்கு அறையில் இடமில்லாமல் அது குழலின் ஒடுங்கும் பகுதிக்குள் போய் முட்டும், அழுத்தம் ஏறும். 'உள்ளே போகிறது, அப்படியானால் சரி' என்ற கணக்கு இங்கே செல்லாது. அளந்து பார்த்திராத பழைய துப்பாக்கியில் எதையும் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதேபோல் என் 870-க்கு 76 மி.மீ. மேக்னம் தோட்டா கிட்டே வரக்கூடாது.

இனி பராமரிப்பு. எழுத நிறைய இருப்பது இதில்தான், என் தவறுகளும் பெரும்பாலும் இதில்தான்.

அப்பா தேங்காய் எண்ணெய் பூசுவார். தோட்டத்து வெயிலில் அது நீராக ஓடி வேலை செய்தது. நானோ துப்பாக்கிப் பெட்டியைக் குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தேன். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையும். என் அறை 22. ஒரு நாள் முன்பிடியை இழுத்தால் மாவு பிசைவதுபோல் வந்தது. பிரித்துப் பார்த்தபோது போல்டின் இடுக்குகளில் ஐம்பது ஆண்டு எண்ணெயும் மருந்துக் கரியும் சேர்ந்து, பழைய சட்டியின் அடிப்பிசுக்குபோல மஞ்சளும் கறுப்புமாக அப்பியிருந்தது. அதைக் கரைத்து எடுக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதன்பின் மெல்லிய துப்பாக்கி எண்ணெய் மட்டும்தான், சமையலறையிலிருந்து எதுவும் வருவதில்லை.

குளிரறை இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்தது. அங்கிருந்து எடுத்து நேராகக் காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் உறையைத் திறந்தால், குளிர்ந்த இரும்பின் மேல் தண்ணீர் போத்தலில் வேர்ப்பதுபோல முத்து முத்தாக நீர் கோத்துவிடும். வெளியே துடைத்துவிடலாம், குழலுக்குள்ளும் தோட்டாக்குழாய்க்குள்ளும் கோத்ததை யார் பார்த்தார்கள்? இப்போது பெட்டி குளிர்சாதனம் இல்லாத அறையில் இருக்கிறது. உள்ளே சிறிய ஈரமானியும், புகைப்படக்காரர்கள் கேமராவுக்குப் பயன்படுத்தும் சிலிக்கா ஜெல்லும் வைத்திருக்கிறேன். ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டைச் சுற்றி நின்றால் போதும். அதிகம் உலர்த்தினால் வால்நட் மரம் விரிசல் விடும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை பிடித்துக்கொள்ளும்போது ஜெல்லை வாரம் ஒருமுறை சூடாக்கிக் காய வைக்கிறேன்.

தோல் உறையை வீட்டில் யாரும் தூக்கிப்போட விடமாட்டார்கள், அப்பாவின் கை பட்டது என்பதால். ஆனால் அதில் துப்பாக்கியை வைப்பதில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். என் குழலில் வரிசையாக இருக்கும் துருப்புள்ளிகள், உறையின் தையல் எங்கே தொட்டதோ அங்கேயே இருக்கின்றன.

அந்தப் புள்ளிகளைக் கண்டு பதறி, 2012-இல் ஒரு கடையில் கொடுத்தது இந்தக் கதையில் நான் இன்னும் வருந்தும் இடம். புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொன்னார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருவைத் தடுக்க இரும்பில் ஏற்றும் நீலப்பூச்சைப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். குழல் கண்ணாடியாக மின்னியது. ஆனால் ரிசீவரின் விளிம்புகள் சோப்புக் கட்டிபோல் உருண்டுவிட்டன, நிறுவன எழுத்துகள் பாதி ஆழத்துக்குத் தேய்ந்துவிட்டன. டபிள்யூவும் ஏவும் பிழைத்ததே அதிர்ஷ்டம். தேய்ந்துபோன பழைய நீலம் தேய்ந்ததாகவே இருப்பதுதான் அழகும் மதிப்பும் என்பதைப் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது துருப்புள்ளி கண்டால் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்து, காந்தம் ஒட்டாத பழைய ஒரு காசு நாணயத்தின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுவேன். வெண்கலம் இரும்பைவிட மென்மை என்பதால் துரு போகும், நீலம் நிற்கும். காந்தம் ஒட்டும் காசு உள்ளே இரும்பு, அதைத் தொடக்கூடாது. விசைக்கூடு இலேசான அலுமினியக் கலவை. அதற்கு நீலப்பூச்சு பிடிக்காது, இரும்புப் பஞ்சும் ஆகாது.

பிரிக்கும் முன் தோட்டா இல்லை என்று உறுதி செய்யும்போது பம்ப் துப்பாக்கியில் ஒரு பொறி உண்டு. முன்பிடியை இழுத்து அறை காலி என்று கண்டாலும் தோட்டாக்குழாயில் ஒன்று தங்கியிருக்கலாம். கண்ணால் பார்த்தால் போதாது; விரலை உள்ளே விட்டு, தோட்டாவைத் தள்ளும் துண்டின் முனை படுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பிறகு முன்பிடியைப் பாதியில் நிறுத்தி, குழாயின் மூடியைத் திருகிக் கழற்றினால் குழல் முன்னால் வந்துவிடும். இரண்டு ஊசிகளைத் தட்டினால் விசைத் தொகுதி கீழே இறங்கும். அதற்கு மேல் நான் போவதில்லை. பக்கத்துத் தோட்டாத் தடுப்புகளை ரிசீவரில் குத்திப் பதித்திருக்கிறார்கள். நெம்பியவர்கள் திரும்பப் பதிக்க முடியாமல் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் அதிகமானால் மரத்துக்குக் கேடு. குழல் மேல் நோக்கி நிறுத்திய துப்பாக்கியில் மிகுதி எண்ணெய் மெல்ல இறங்கி, பின்கட்டை ரிசீவரைச் சேரும் இடத்தில் ஊறி மரத்தைக் கறுத்து மெத்தென்று ஆக்கிவிடும். என் கட்டையில் விரல் நகம் பதிகிற அளவுக்கு ஆகியிருந்தது. மூன்று ஆண்டாக, எண்ணெய் போட்ட நாளில் குழல் வாயைக் கீழே வைத்து, அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு நிறுத்துகிறேன். கறுப்பு போகவில்லை, ஆனால் நகம் இப்போது பதிவதில்லை.

சுடும் பொருளாக இதைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் அதிகமில்லை. முன்பிடியைப் போல்ட்டோடு இணைக்கும் இழுதண்டு இரண்டு இருப்பதால் முன்பிடி ஒருபக்கம் கோணாது. அப்பா விட்டுச்சென்ற காகிதத் தோட்டாக்கள் மட்டும் ஈரத்தில் ஊதி, அறையில் ஒன்று மாட்டிக்கொண்டது. மீதியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். தோட்டாக்குழாயின் சுருள்வில் தளர்ந்து, கடைசித் தோட்டாவைச் சோம்பலாகத் தள்ளுகிறது. அடுத்த உரிமப் புதுப்பிப்புக்கு முன் புது வில் மாற்ற வேண்டும். கழற்றும் பழைய வில்லை, எண்ணெய் தடவி, துண்டுச்சீட்டில் ஆண்டை எழுதி, அந்தத் தோல் உறைக்குள் போட்டு வைக்கப் போகிறேன்.