கோஸி மிஸ்டரி எழுத ஐந்து வருடமாக என் மேசையில் இருப்பவை

சின்ன ஊர், தெரிந்த முகங்கள், ஒரு கொலை, அதைத் துருவிக் கண்டுபிடிக்கும் சாதாரண ஆள். ரத்தமும் கொடூரமும் கண்ணில் படாது. கோஸி மிஸ்டரி எனப்படும் இந்த வகையைத் தமிழில் எழுத ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. இரண்டு நாவல் முடித்துவிட்டேன், மூன்றாவது பாதியில் நிற்கிறது. இதற்காக வாங்கியவை நிறைய. இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை சிலதான்.

முதலில் சொல்ல வேண்டியது, ஜான் கரன் 2009-இல் வெளியிட்ட 'அகதா கிறிஸ்டிஸ் சீக்ரெட் நோட்புக்ஸ்'. ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி விட்டுப்போன 73 நோட்டுகளைப் படித்து, எந்தக் குறிப்பு எந்த நாவலாக வளர்ந்தது என்று காட்டுகிறார். கதைக் குறிப்புக்கு நடுவே கடைச் சாமான் பட்டியலும் சீட்டாட்டக் கணக்கும் கிடக்கின்றன. கிறிஸ்டி காட்சிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுக்கொள்வார். அப்புறம் அந்த எழுத்துகளை மட்டும் இடம் மாற்றி மாற்றி அடுக்குவார். சில பக்கங்களில் கொலையாளி யார் என்றே முடிவாகவில்லை. இவரா, அவரா என்று எழுதிப் பார்க்கிறார். முழுக்கதையும் மனதில் தெளிந்த பிறகுதான் எழுத உட்கார வேண்டும் என்று ஒரு வருடத்தைக் கடத்தியிருந்த எனக்கு, அந்தப் பக்கங்கள் பெரிய விடுதலை. மூன்று முறை முழுதாகப் படித்துவிட்டேன். ஒன்று, இது பல நாவல்களின் முடிவை உடைத்துவிடும். எவை எவை என்று அத்தியாயத் தொடக்கத்திலேயே பட்டியல் இருக்கிறது. பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

அடுத்தது, வேதியியல் படித்த கேத்ரின் ஹார்கப் 2015-இல் எழுதிய 'எ இஸ் ஃபார் ஆர்சனிக்'. கிறிஸ்டியின் 14 நாவல்கள், 14 விஷங்கள். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் டார்க்கி ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. அந்த அனுபவம் கதைகளில் எவ்வளவு துல்லியமாக இறங்கியிருக்கிறது என்று இதில் தெரியும். அவருடைய முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'-இல் வரும் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷம் நம் எட்டிக்கொட்டையில் இருப்பதுதான். என் இரண்டாவது நாவலில் அரளி வருகிறது. அரளிக்கு இதில் தனி அத்தியாயம் கிடையாது, ஆனால் டிஜிட்டாலிஸ் என்ற செடி விஷத்தைப் பற்றிய அத்தியாயம் கைகொடுத்தது. இரண்டுமே இதயத்தைத் தாக்கும் ஒரே வகை நஞ்சு.

துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் அவ்வகைக் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளைச் சுவரில் ஒட்டியிருந்தேன். கொலையாளி ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், தற்செயல் எதுவும் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்ற இரண்டும் இன்றைக்கும் செல்லும். திருத்தும்போது மட்டும் அவற்றைப் பார்க்கிறேன். எழுதும்போது பார்த்தால் கை நின்றுவிடுகிறது.

எழுத்தாளர்களுக்கான ஸ்க்ரிவனர் மென்பொருளையும் இரண்டு வருடம் பயன்படுத்தினேன். காட்சிகளை அட்டைகளாகப் பலகையில் நகர்த்தும் வசதி அருமை. சோதனைக் காலம் 30 நாள், அதுவும் திறக்கும் நாட்களை மட்டும்தான் கணக்கெடுக்கும். அவசரமில்லாமல் பார்க்கலாம். ஆனால் நேரக்கணக்கு என்று வந்தால் நான் கோடு போட்ட நோட்டுக்குத்தான் திரும்புகிறேன். முதல் நாவலைப் படித்த என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி: "அண்ணி, பால்காரர் அஞ்சரைக்கே போயிட்டார்னு எழுதியிருக்கீங்க, ஆறேகாலுக்கும் அவர் சைக்கிள் வாசல்ல நிக்குதே?" துப்பே அந்த சைக்கிள்தான். நாலு அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பத்தி, கால் மணிக்கு ஒரு வரி என்று கட்டம் போட்டு, யார் எங்கே இருந்தார் என்று நிரப்பிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பணம் கட்டிச் சேர்ந்த ஓர் இணைய வகுப்பும் உண்டு. ஆறு வாரமும் பொதுவான உற்சாகப் பேச்சு, என் கைப்பிரதியை ஒருவரும் புரட்டவில்லை. அந்தத் தொகையில் மேலே சொன்ன இரண்டு புத்தகத்தையும் வாங்கி, மீதியில் ஒரு கட்டு நோட்டும் வாங்கியிருக்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் கிறிஸ்டியின் முதல் நாவலைக் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாக எடுத்து இரண்டு முறை படியுங்கள். இரண்டாவது முறை, துப்பு வரும் ஒவ்வொரு வரியிலும் பென்சில் கோடு போட வசதியாக அச்செடுத்துக்கொள்ளுங்கள்.