சுடுமண்ணா, கண்ணாடியா? மணிமாலை கோர்க்க உட்காரும் முன்

ஆடிப்பெருக்கு நெருங்கினால் கும்பகோணத்தில் பூஜைச் சாமான் கடைகளில் காதோலை கருகமணி தொங்க ஆரம்பித்துவிடும். காவிரிக்கு விட ஒன்று வாங்கப் போய் நாலாக வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம். அப்படி மிஞ்சிய கருகமணியைப் பிரித்து, தையல் நூலில் கோர்த்துப் பார்த்ததில் பிடித்தது இந்தப் பைத்தியம். இப்போது அக்கம்பக்கத்தில் யாராவது “டெரகோட்டாவுல ஆரம்பிக்கட்டுமா, கண்ணாடி மணி வாங்கட்டுமா?” என்று கேட்டால், கண்ணாடி என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். கேட்டவர் முகம் கொஞ்சம் வாடும். ஆசை எல்லோருக்கும் மண் மேல்தான்.

எனக்கும் அப்படித்தான். வாசலைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலில் மண், காசா பணமா என்று அள்ளி வந்தேன். அந்த மண்ணில் வேர், மணல், நத்தை ஓடு எல்லாம் கலந்து கிடக்கும். வேரும் மணலும்கூடப் பரவாயில்லை, நத்தை ஓடுதான் வில்லன். நல்ல சூட்டில் அது சுண்ணாம்பாகிவிடும். மணி அழகாக வெந்து வெளியே வரும். நாலு நாள் கழித்து உள்ளே இருக்கும் சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, மணியைப் பக்கவாட்டில் பெயர்த்துத் தள்ளும். மண்ணைக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பாக்கெட் களிமண்ணே வாங்கிக்கொள்ளலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது.

ஓட்டை போட ஈர்க்குச்சியை விடச் சிறந்த கருவி நான் பார்க்கவில்லை. ஆனால் குச்சியைச் செருகியபடியே காயவிடக் கூடாது. மண் காயக் காயச் சுருங்கும், குச்சி சுருங்காது, மணி விண்டுவிடும். மண் லேசாக இறுகியதும் குச்சியைத் திருகி உருவிவிட வேண்டும். ஓட்டையும் சேர்ந்து சுருங்கும் என்பதை மறந்து, நூல் நுழையாத 40 மணிகளைச் செய்து வைத்திருக்கிறேன். இன்னமும் ஒரு டப்பாவில் கிடக்கின்றன.

அப்புறம் சூளை. ஐப்பசி அடைமழையில், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்த மணிகளை ஒரு பானையில் போட்டு, உமியும் வறட்டியும் மூடி நெருப்பு வைத்தேன். பத்து நிமிஷத்தில் பானைக்குள் பொரி பொரிகிற சத்தம். உள்ளே தங்கியிருந்த ஈரம் ஆவியாகி மணிகளை உடைத்துக்கொண்டிருந்தது. ஊர்க் கோடியில் பானை வனையும் பெரியவரிடம் சில்லுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். “அடமழையில நாங்களே சூளை வைக்க யோசிப்போம் பாப்பா, நீ மணி சுட்டியா?” என்று சிரித்துவிட்டு, அடுத்த முறை முதல் ஒரு மணி நேரம் பானையை அனலுக்குப் பக்கத்தில் சும்மா வைத்திருக்கச் சொன்னார்.

சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால்தான் மண் திரும்பக் கரையாத பொருளாகும். சந்தேகம் இருந்தால் ஒரு மணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் குழைந்திருந்தால் வேகவில்லை. இவ்வளவு சிரமத்துக்கும் கூலி நிறத்தில் கிடைக்கிறது. காற்றோட்டமாகச் சுட்டால் சிவப்பு. உமிக்குள் மூச்சுமுட்டப் புதைத்துச் சுட்டால் அதே மண் கறுப்பு. இரண்டையும் மாற்றி மாற்றிக் கோர்த்தால் அக்ரிலிக் பெயின்டே வேண்டாம். பெயின்ட் அடித்த மணி சித்திரை வெயிலில் கழுத்து வியர்த்ததும் ரவிக்கைக் கழுத்தில் ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடியில் இந்தக் கதையெல்லாம் கிடையாது. மணி தயார், ஓட்டை தயார். யோசிக்க வேண்டியது வரிசையை மட்டும்தான். ஆரம்பிப்பவருக்கு அதைத்தான் சிபாரிசு செய்வதற்குக் காரணமும் இதுவே. முறத்தில் ஒரு துண்டை விரித்து அதில் மணிகளைப் பரப்பினால் ஓடாது. ஒரே சாயங்காலத்தில் பத்து வரிசை மாற்றிப் பார்க்கலாம். மண்ணிலோ, அளவு தப்பு என்று தெரியவே ஒரு வாரம் ஆகும். கணக்கும் சுலபம்: 18 அங்குல மாலையில் கொக்கிக்கு ஓர் அங்குலம் விட்டால், 8 மில்லிமீட்டர் மணி 54 பிடிக்கும், 6 மில்லிமீட்டர் என்றால் 72. 54 என்பது ஜபமாலையில் பாதி. அதனால் எனக்கு மறப்பதில்லை.

கண்ணாடியில் ஏமாறும் இடம் நிறம். மேலே பூசிய நிறமா, உள்ளே ஊறிய நிறமா என்று நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு மணியைத் துடைத்துப் பாருங்கள். பூச்சு என்றால் பெரும்பாலும் பஞ்சிலேயே தெரிந்துவிடும். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் அந்தக் காலத்தில் செய்த பொடி மணிகளில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை அவை. ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் அந்த இழுவை வேலை நம் காலம் வரை வந்திருக்கிறது.

நெட்டியையும், அதாவது நீர்ச்செடியின் லேசான தண்டில் செய்த மணியையும், சிலர் கேட்பார்கள். பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது, எடையும் இல்லை. ஆனால் ஒரு வியர்வைக்குத் தாங்காது. சுவரில் மாட்டுவதோடு சரி.

மணியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், மாலை அறுவது நூலில். தூண்டில் நரம்பு மாதிரியான நைலான் மலிவு, ஊசி வேண்டாம், கோர்க்கச் சுகம். ஆனால் நாளாக நாளாக நீளும், முடிச்சு வழுக்கும். பட்டை தீட்டிய கிரிஸ்டல் மணியின் ஓட்டை விளிம்பு அதை மெல்ல அறுக்கும். மயிலாடுதுறையில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மாலை அறுந்து, சாம்பார் வாளிக்குள் மூன்று மணி விழுந்தது நைலானால்தான். கண்ணாடிக்கும் மண்ணுக்கும் இப்போது கியர் வயரைத்தான் பயன்படுத்துகிறேன். மெல்லிய எஃகு இழைகளைச் சேர்த்து நைலான் பூசிய கம்பி இது. முனையை முடிச்சுப் போடாமல், கியர் லாக் என்ற குட்டி உலோக மணியைக் குறடால் நசுக்கிப் பூட்ட வேண்டும். இரண்டு விஷயம் கவனம்: ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு நிமிராது, மணிகளை இறுக்கி நெருக்கினால் மாலை கழுத்தில் படியாமல் வளையம் போல விறைத்து நிற்கும். 2 மில்லிமீட்டர் இடம் விட்டுப் பூட்டுங்கள்.

பவளம், முத்து என்றால் மட்டும் பட்டு நூல். மணிக்கு மணி முடிச்சு போட்டுக் கோர்த்தால் ஒன்றோடொன்று உரசாது, அறுந்தாலும் ஒன்றிரண்டுதான் விழும். பெரியம்மாவின் பவள மாலையைப் போன தையில் அப்படித்தான் கோர்த்துக் கொடுத்தேன், திருபுவனத்தில் தறி வைத்திருக்கும் சொந்தக்காரர் தந்த பட்டிழையை முறுக்கி. முடிச்சுகள் இடம் பிடித்ததில் மாலை முன்பை விட ஓர் அங்குலம் இறங்கிவிட்டது. “பவளம் வளருமாடி?” என்று பெரியம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.