அகல் ஒன்று, விளக்கு இரண்டு: ரோஸ் ஹில் கவிதை வகுப்பு எப்படி?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை பிற்பகலில் நடக்கும் கவிதை வாசிப்பு வகுப்பு. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சிக்குத் தமிழ் எடுத்த பிள்ளைகளுக்கானது, பெரியவர்களும் உட்காரலாம். ஒரு பாட்டின் உருவகம் அதன் மையக்கருத்தை எப்படி வளர்க்கிறது என்பதுதான் பாடம்.

இங்கே பேசும் கிரியோல் மொழியில் 'கூமா' ('போல') வந்தால் உவமை, அதை எடுத்துவிட்டால் உருவகம் என்று தொடங்குகிறார்கள். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் தமிழில் இந்தக் குறுக்குவழி வழுக்கும். 'மதிமுகம்' என்பதில் 'போன்ற' மறைந்திருக்கிறது, அது உவமைத்தொகை. 'முகமதி' என்று திருப்பிப் போட்டால்தான் உருவகம். முதல் நாளே சொல்ல வேண்டிய இது மூன்றாம் வாரம்தான் வருகிறது.

நான்காம் வாரத்துக்காகவே சேரலாம். பொய்கையாழ்வாரின் 'வையம் தகளியா', பூதத்தாழ்வாரின் 'அன்பே தகளியா' (தகளி என்றால் அகல்) இரண்டையும் அருகருகே வைத்து, அகல், நெய், திரி, சுடர் என்று பலகையில் கட்டம் போடுகிறார்கள். பூதத்தாரிடம் நான்கும் நிறைகின்றன: அன்பு, ஆர்வம், இன்பத்தில் உருகும் சிந்தை, ஞானம். பொய்கையாரிடம் வையம், கடல், கதிரவன். திரிக் கட்டம் காலி. பாடமே அந்தக் காலிக் கட்டத்தில்தான் இருக்கிறது. சூரியனுக்கு யார் திரி போடுவது? அதனால் பொய்கையார் 'ஏற்றினேன்' என்று சொல்வதில்லை, 'சூட்டினேன் சொன்மாலை' என்கிறார். உலகம் ஏற்கெனவே எரியும் விளக்கு, தன்னால் ஆனது சொல் மட்டும். பூதத்தாரோ தன் உள்ளத்தையே உருக்கித் திரியாக்கி ஏற்றுகிறார். முதலடியில் நெய்யாக இருந்த கடல், பொய்கையாரின் கடைசியடியில் 'இடராழி', துன்பக்கடல் ஆகிவிடுவதையும் ஆசிரியர் விடவில்லை.

இவ்வளவு நன்றாக நடத்திவிட்டு, விடைத்தாளில் 'மையக்கருத்து: பக்தி' என்று ஒற்றைச் சொல் அச்சிட்டிருப்பதுதான் வேதனை. இரண்டு பாட்டுக்கும் ஒரே விடை பொருந்தினால் அது விடையில்லை. 'யார், எதை, எப்படி' தெரியும்படி வினைமுற்றோடு ஒரு முழு வாக்கியம் கேட்க வேண்டும். ஐந்தாம் வாரமும் இப்படித்தான். 'பிறவிப் பெருங்கடல்' குறளில் பிறவி கடலாகிறது, இறைவன் அடி தெப்பமாகச் சொல்லப்படவில்லை. ஆகவே ஏகதேச உருவகம், அதாவது ஒன்றை உருவகமாக்கி அதோடு சேர்ந்த மற்றதைச் சொல்லாமல் விடுவது. பெயரைச் சொல்லிக்கொடுத்ததோடு சரி. தெப்பத்தை வள்ளுவர் ஏன் வாசகரிடம் விட்டார் என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டுத்தாள்கள் ஓசைக்கேற்பச் சீர் பிரித்தவை மட்டுமே. 'விளக் கேற்றினேன்' என்று பார்த்த பிள்ளை அகராதியில் 'கேற்று' தேடும். பக்கத்திலேயே சொல் பிரித்த வடிவமும் வேண்டும்.

கடைசி வாரம் கரும்பை வைத்து எழுதச் சொல்கிறார்கள். பாகங்களைப் பட்டியல் போடாமல் எழுதவிட்டால் 'வாழ்க்கை ஒரு கரும்பு, இனிக்கும்' என்ற வரிதான் கிடைக்கும். தோகை, கணு, வெட்டு, ஆலை, சக்கை என்று முதலில் எழுதவைத்து, ஒவ்வொருவரும் இரண்டை மட்டும் எடுக்கட்டும். சாற்றை எடுத்தவர் பாட்டு ஒரு பக்கம் போகும். சக்கையை எடுத்தவர் பாட்டு, இங்கே சக்கையை எரித்துத்தானே மின்சாரமும் எடுக்கிறார்கள், வேறு பக்கம் போகும்.

தமிழ் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் பாட்டுத்தாளை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி, சொல் பிரித்து எழுதிக்கொண்டு போங்கள்.