அண்ணா நூலகத்தில் ஃபால்கன்ஹவுசன் தேடல்

ஜெர்மன் ஜெனரல் அலெக்சாண்டர் ஃபான் ஃபால்கன்ஹவுசனைப் பற்றிப் படிக்க, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் தோதான இடம். கணினியில் குடும்பப்பெயரை மட்டும் தட்டினால் குழப்பம்தான்: ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பெல்ஜியத்தை 1917-18இல் ஆண்ட லுட்விக் வேறு, அதே நாட்டை இரண்டாம் உலகப்போரில் 1940 முதல் 1944 ஜூலை வரை ஆண்ட அலெக்சாண்டர் வேறு. இருவரும் உறவுக்காரர்கள், இருவரும் ஜெனரல்கள்!

அலெக்சாண்டர் ஒரே அலமாரியில் சிக்கமாட்டார். சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் ராணுவ ஆலோசகராக இருந்த காலத்துக்கு டியூவி எண் (நூல்களைப் பாடவாரியாக அடுக்கும் எண்) 951, பெல்ஜியத்துக்கு 949.3, இரண்டாம் உலகப்போருக்கு 940.53. நூலின் கடைசியில் உள்ள பெயர் அட்டவணையைப் (இண்டெக்ஸ்) பிடித்துப் பக்கத்துக்குப் போங்கள்.

ஹிட்லர் ஆட்சி அவரைச் சிறையில் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். பணயக்கைதிகள் கொலை, யூதர் நாடுகடத்தலுக்காக 1951இல் 12 ஆண்டு தண்டனை பெற்று, சில வாரங்களில் வெளிவந்ததையும் பாருங்கள்.

சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்க நூலகத்தில் தனிப் பகுதி உண்டு.