டிப்ளாய் அமைப்புகள்: என்விரான்மென்ட் வேரியபிளா, கான்ஃபிக் ஃபைலா?

நிரலை சர்வரில் ஏற்றும்போது (டிப்ளாய்) அதற்கான அமைப்புகளை எங்கே வைப்பது? என்விரான்மென்ட் வேரியபிள் என்பது நிரல் ஓடும்போது சிஸ்டம் அதற்குக் கொடுக்கும் பெயர்-மதிப்பு ஜோடி; கான்ஃபிக் ஃபைல் என்பது அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்.

ரகசியம்: டோக்கன் (சேவைக்குள் நுழையும் சாவி), பாஸ்வேர்டு எல்லாம் வேரியபிளில். ஃபைலில் வைத்தால் என்றாவது கிட்டில் (கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) ஏறிவிடும். அழித்தாலும் பழைய கமிட்டில் (கிட்டில் சேமித்த பதிவில்) கிடக்கும், டோக்கனையே மாற்ற வேண்டியதுதான்.

வகை: வேரியபிளில் எல்லாமே ஸ்ட்ரிங். 'ஃபால்ஸ்' என்று கொடுத்தாலும், காலியாக இல்லாததால் பைத்தானின் இஃப் அதை உண்மை என்றே எடுக்கும். கான்ஃபிக் எழுதும் யாமல் வடிவ ஃபைலும் யோக்கியமில்லை: மேற்கோள்குறி போடாத 3.10, 3.1 ஆகிவிடும்.

நிலைப்பு: ஃபைல் வைத்த இடத்தில் இருக்கும். வேரியபிளை சூடோ (அட்மின் உரிமையில் கட்டளை ஓட்டுவது) வழக்கமாகக் கழற்றிவிடும். கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுவது), நீங்கள் டெர்மினலுக்காக வேரியபிள் எழுதி வைக்கும் பாஷ்ஆர்சி ஃபைலைப் படிக்காது. டெர்மினலில் ஓடி, கிரானில் படுத்துவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

சர்வர் பட்டியல், போர்ட், டைம்அவுட்: ஃபைல். ரகசியம், ஸ்டேஜிங்குக்கும் (சோதனைச் சூழல்) புரொடக்‌ஷனுக்கும் (நிஜப் பயன்பாட்டுச் சூழல்) மாறும் முகவரி: வேரியபிள். இரண்டிலும் இருந்தால் பெரும்பாலான கருவிகளில் வேரியபிளே ஜெயிக்கும். ஃபைலைத் திருத்தியும் பலனில்லையா? வேரியபிள்களைக் காட்டும் பிரிண்ட்என்வ் கட்டளையை அடித்துப் பாருங்கள்.