ஏர்பிரஷ் ஸ்டென்சில் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கவனம்: என் 9,600 ரூபாய் போயே போச்சு

எனக்கு ஸ்டென்சில் விற்ற ஆள் இன்று காலையில்தான் என்னை பிளாக் செய்தான். வயிறு எரிகிறது. இன்னும் நாலு பேர் அவனிடம் மாட்டக்கூடாது, அதற்காகத்தான் இந்தப் பதிவு. எந்தப் பரப்புக்கு எந்த ஸ்டென்சில் வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

மதுரையில் ஏர்பிரஷ் வேலை செய்கிறேன், அதாவது காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தெளித்து வரைகிற வேலை. பைக் டேங்க், ஹெல்மெட், பள்ளிக்கூடச் சுவர், திருவிழா டி-ஷர்ட், எது வந்தாலும் செய்வேன். ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வர வேண்டிய இடத்தில் ஸ்டென்சில், அதாவது டிசைனை வெட்டி எடுத்த ஷீட், இல்லாமல் ஆகாது. பொங்கலுக்கு ஒரு மாடுபிடி குழுவின் டி-ஷர்ட், ஒரு புல்லட் டேங்கில் வேலும் மயிலும், ஒரு நர்சரி பள்ளியின் சுவர், மூன்றும் ஒன்றாக வந்தன. நாம் அனுப்புகிற டிசைனை வெட்டித் தருவதாகச் சொல்லி, படமும் வீடியோவுமாகப் போட்டு விற்கிற ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் ஆர்டர் கொடுத்தேன். மொத்தம் 9,600 ரூபாய். முழுத் தொகையும் முன்பணம்.

ஏன் நம்பினேன் என்று கேட்பீர்கள். அவன் பேசிய விதம் அப்படி. எடுத்த எடுப்பில் விலையைச் சொல்லவில்லை. "அண்ணே, நாசில் 0.3-ஆ 0.5-ஆ? தண்ணி பெயிண்டா, தின்னர் பெயிண்டா?" என்று கேட்டான். நாசில் என்றால் பெயிண்ட் வெளியே வருகிற முனை. தொழில் தெரியாதவன் இதைக் கேட்க மாட்டான். தின்னர்தான் என்றதும், "அப்போ மைலார்தான் போடணும் அண்ணே, பிவிசி போட்டா சுருண்டுடும்" என்று அவனே சொன்னான். இரண்டும் பிளாஸ்டிக் ஷீட் வகைகள். ஒரு வீடியோவும் வந்தது. வெட்டிய ஷீட் மேல் தின்னரை ஊற்றித் துணியால் துடைக்கிறான், ஷீட் அசையாமல் தட்டையாகக் கிடக்கிறது. சுவருக்கு 250 மைக்ரான், டி-ஷர்ட்டுக்கு 190, வளைவான டேங்குக்கு 125 என்று கனத்தையும் சரியாகப் பிரித்துச் சொன்னான். அன்று சாயங்காலமே பணத்தைப் போட்டேன்.

பார்சல் வந்தது. மூன்று வேலைக்கும் ஒரே கனத்தில், பாலிதீன் கவர் மாதிரி தொளதொளவென்று ஷீட்டுகள். கவரின் அடியில் நகம் அளவுத் துண்டுகள் உதிர்ந்து கிடந்தன. எடுத்துப் பார்த்தால், "காளையர்" என்ற எழுத்தில் க-வின் நடுவில் இருக்க வேண்டிய துண்டு அது. க, கு, மு போன்ற எழுத்துகளின் உள்வட்டத்தைப் பிடித்துக்கொள்ள சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி கழன்று விழுந்து, எழுத்து முழுக்க அடைந்துபோன மொட்டையாகத்தான் வரும். நான் அனுப்பிய ஃபைலில் ஒவ்வொரு எழுத்துக்கும் பாலம் இருந்தது. அதை எடுத்துவிட்டு வெட்டியிருக்கிறார்கள். டி-ஷர்ட் வேலை அங்கேயே படுத்துவிட்டது.

டேங்கில் நடந்ததுதான் பெரிய கொடுமை. மேல்பூச்சைத் தேய்த்து, பேஸ் கோட் (அடிப்பூச்சு) அடித்து, காய வைத்து, மயில் ஸ்டென்சிலை ஒட்டினேன். 20 பிஎஸ்ஐ அழுத்தம், பெயிண்ட் துப்பாக்கியை நேர்செங்குத்தாகப் பிடித்து, புகை மாதிரி லேசான கோட். முதல் கோட் நன்றாக வந்தது. இரண்டாவதில் தோகையின் நுனிகள் ஒவ்வொன்றாக மேலே சுருண்டு எழுந்தன. அடியில் பெயிண்ட் புகுந்து ஓரமெல்லாம் மங்கல். ஷீட்டை உரித்தால் கையில் பிசுபிசுக்கிறது, பேஸ் கோட்டிலும் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. பெயிண்டைத் தேய்த்து எடுத்து மறுபடி முதலிலிருந்து. அந்தச் செலவு தனி, 9,600-ல் அது சேராது.

சந்தேகத்தில் செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஷீட்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினேன். பச்சை நிறத்தில் எரிந்தது. பச்சை என்றால் உள்ளே குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. மைலார் என்பது பாலியெஸ்டர், அதில் பச்சை வராது. எந்த பிவிசியைப் போட்டால் சுருளும் என்று அவன் வாயாலேயே சொன்னானோ, அதையே மைலார் விலைக்கு என் தலையில் கட்டியிருக்கிறான்!

அதற்கப்புறம் அவன் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில், "பிரஷர் ஜாஸ்தி வச்சிருப்பீங்க." 20 பிஎஸ்ஐ என்று கேஜ் படம் அனுப்பினேன். "உங்க ஊர் தின்னர் சரியில்ல." அப்புறம், "பார்சல் பிரிக்கிறப்ப வீடியோ எடுத்தீங்களா?" எடுத்திருந்தேன், அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு, "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது." கஸ்டம் ஆர்டர் என்றால் கேட்ட பொருளைத் தர வேண்டாமா? "ஓனர் வெளியூர் போயிருக்கார், திங்கள்கிழமை கூப்பிடச் சொல்றேன்." திங்கள் போனது. "அண்ணே" போய் "சார்" ஆனது, சார் போய் பதிலே இல்லை. இன்று பிளாக். அந்தப் பக்கத்தில் நான் போட்ட கருத்தையும் காணோம். பழைய தின்னர் வீடியோ மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கீழே புதுசு புதுசாக ஆட்கள் விலை கேட்கிறார்கள். 9,600 ரூபாய். எனக்கு ஒரு மாத பெயிண்ட் செலவு அது.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு ஷீட் சாம்பிள் வாங்கி, நெயில் பாலிஷ் ரிமூவரை ஊற்றிப் பாருங்கள். அசிட்டோன் உள்ள ரிமூவராக இருக்கட்டும். பிவிசி என்றால் இளகிப் பிசுபிசுக்கும், மைலார் அப்படியே இருக்கும். கம்பிச் சோதனை செய்தால் திறந்தவெளியில் செய்யுங்கள், அந்தப் புகை ஆகாது. தமிழ் எழுத்து என்றால் வெட்டுவதற்கு முன் பாலத்தோடு இருக்கிற ஃபைலைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். பக்கத்திலேயே ஸ்டிக்கர் வெட்டுகிற கடை இருந்தால், டேங்குக்கு ஒட்டு வினைல் (பசையோடு வருகிற ஸ்டிக்கர் ஷீட்) அங்கேயே வெட்டிக்கொள்ளலாம், ஆளையாவது நேரில் பார்க்கலாம்.

பணம் போட்ட ரசீது, பேசியது எல்லாவற்றையும் அவன் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன், அடுத்து சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் பேசப் போகிறேன். இதே மாதிரி தின்னர் வீடியோவைக் காட்டி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால் நீங்களும் உடனே புகார் கொடுங்கள்.