தொலைந்த போனைத் தேட சி.இ.ஐ.ஆர்.: சேவை எப்படி?

திருடுபோன, தொலைந்த செல்போன்களை முடக்கித் தேட மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் இணையதளம்தான் சி.இ.ஐ.ஆர். 2023 மே முதல் நாடு முழுக்க இயங்குகிறது. கட்டணம் இல்லை.

போலீஸ் பதிவில் போனுக்கு அடையாளம் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்தான். இரட்டை சிம் போனுக்கு இரண்டு எண்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால், அடுத்த ஸ்லாட்டில் சிம் போட்டவர் தப்பிவிடுவார். பெட்டியும் பில்லும் இல்லையா? ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் போன் தேடும் பக்கத்தில் எண் கிடைக்கும்.

முதலில் ஸ்டேஷனில் புகார். பிறகு அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம். புது சிம்முக்கு 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது என்பதால் தளம் அனுப்பும் ஓ.டி.பி.யும் வராது, தளத்தைத் திட்டிப் பயனில்லை. புகார் நகல், அடையாள அட்டை, பில் ஆகியவற்றைத் தளத்தில் ஏற்றும்போது ஸ்டேஷன் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். யாராவது அந்தப் போனில் சிம் போட்டதும் தகவல் போவது அந்த ஸ்டேஷனுக்குத்தான். முடக்கிய போன் வைஃபையில் வேலை செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முடக்குவதில் தளம் கெட்டி. போனைக் கையில் வாங்குவது வேறு கதை. வழக்குப் பதியாமல், புகாருக்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்கும் 'தொலைந்த போன்' என்றால், மீட்டதும் ஸ்டேஷனிலோ எஸ்.பி. அலுவலகத்திலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். திருட்டு என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அது வழக்குச் சொத்து. மகஜர் (பொருளைக் கைப்பற்றிய விவரக் குறிப்பு) எழுதி, தமிழ்நாட்டில் படிவம் 95-இல் பட்டியலிட்டு கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே மனு போட்டுத்தான் வாங்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 497-ஆம் பிரிவுப்படி கோர்ட் 14 நாளில் பொருளின் விவரப் பட்டியலைத் தயாரித்து, அதற்கடுத்த 30 நாளில் உத்தரவிட வேண்டும். மகஜரில் 'கருப்பு நிற செல்போன் 1' என்று மட்டும் இருந்தால் இழுபறிதான். ஐ.எம்.இ.ஐ. முழுதாக, பிழையின்றி ஏறியிருக்கிறதா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். அதற்காக, திருடுபோனதைத் தொலைந்ததாக எழுதிக் கொடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திருடனைப் பிடித்தாலும் வழக்கு நிற்காது.

போன் கைக்கு வந்ததும் முடக்கும்போது தளம் தந்த கோரிக்கை எண்ணை வைத்து முடக்கத்தை நீக்குங்கள். இல்லையென்றால் நெட்வொர்க் வராது. இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். குறையும் ஒன்று, தளம் தகவல் கொடுத்தாலும் வெளிமாநிலம் போன போனை எடுத்துவர ஆள் போயாக வேண்டும்.